பட்டா நிலத்து மண் அணை: பாதுகாப்பும் பராமரிப்பும், படிப்படியாக

ஓடை இறங்கும் சரிவில் மண்ணைக் குவித்துக் கரை போட்டு, மூன்று முதல் ஆறு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேக்கும் தனியார் அணைகளுக்கான வழிகாட்டி இது. தேயிலை, காபித் தோட்டங்களிலும் மலையடிவாரத் தோப்புகளிலும் இந்த வகைதான் அதிகம். தரையைத் தோண்டி எடுத்த பண்ணைக்குட்டைக்கு இவ்வளவும் தேவைப்படாது. அதில் தண்ணீர் தரைமட்டத்துக்குக் கீழே கிடக்கிறது, உடைவதற்குக் கரை இல்லை.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், சில நிபந்தனைகளுடன் 10 முதல் 15 மீட்டர் வரையுள்ள அணைகளையும்தான் தன் வரம்புக்குள் எடுத்துக்கொள்கிறது. உங்கள் ஐந்து மீட்டர் கரையைப் பார்க்க அந்தச் சட்டத்தின்படி யாரும் வரப்போவதில்லை. பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

மண் கரை பெரும்பாலும் இரண்டு வழியில் போகிறது. வெள்ளம் கரைமேல் ஏறி வழிந்து வெளிச்சரிவை அறுக்கும். அல்லது தண்ணீர் கரைக்குள் வழி கண்டுபிடித்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுபோகும். அதனால் பணம் செலவழிக்கும் வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்: முதலில் கலிங்கு (மிகுநீர் வழிந்து வெளியேறும் வாய்), அடுத்து கசிவும் மதகும், பிறகு மரமும் பிராணிகள் குடையும் வளையும், கடைசியில் அலைக்கல் (அலை அறுக்காமல் உட்சரிவில் பதிக்கும் கல்). புதிதாகத் தோட்டம் வாங்கியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் உட்சரிவில் கல் பதித்து முடித்திருப்பார்கள். கலிங்கு வாயில் மீன் வலை கட்டியிருக்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓடை யாருடையது என்று முதலில் பாருங்கள். எப்.எம்.பி. எனும் நில அளவை வரைபடத்தையும், நிலம் யார் பெயரில் என்று காட்டும் ‘அ’ பதிவேட்டையும் எடுத்தால் தெரிந்துவிடும். கரை பட்டாவில் இருந்தாலும் ஓடை அரசுப் புறம்போக்காக இருக்கலாம். அப்படியானால் கலிங்கை மாற்றுவது, கரையை உயர்த்துவது போன்ற வேலைகளுக்கு வருவாய்த் துறையையும் நீர்வளத் துறையையும் கேட்காமல் இறங்கக் கூடாது.

கருவிகள் எளியவை. டியூப் லெவல் ஒன்று (மட்டம் பார்க்க நீர் நிரப்பும் கண்ணாடி போன்ற குழாய்), 30 மீட்டர் டேப், பெயின்ட் அடித்த முளைக்குச்சிகள், ஒரு மீட்டர் நீள 10 மி.மீ. இரும்புக் கம்பி, கண்ணாடி ஜாடி, லிட்டர் குறித்த வாளி, கெட்டி அட்டை நோட்டு. கம்பி எதற்கென்றால், கரையில் சந்தேகமான இடத்தில் குத்திப் பார்க்க. கெட்டியாக நிற்க வேண்டிய இடத்தில் கை அழுத்தத்திலேயே அரை மீட்டர் இறங்கினால் உள்ளே பொந்தோ ஊறிய மண்ணோ இருக்கிறது.

மழைக்கு முன் கரை அருகே இருப்பு வைக்க வேண்டியவை: காலிச் சாக்கு 200, மணல் இரண்டு யூனிட், முக்கால் ஜல்லி ஒரு யூனிட், தலையளவு கருங்கல் ஒரு டிராக்டர் லோடு, தார்ப்பாய் இரண்டு. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் கழுவிய எம்-சாண்ட் போதும். பூச்சு வேலைக்கான பி-சாண்ட் வேண்டாம். அது மிக நைசு, தண்ணீரை விடாமல் அடைத்துக்கொள்ளும். இவற்றைக் கரைக்குப் பக்கத்திலேயே இறக்கி வையுங்கள். வெள்ளத்தன்று கரைக்கு வண்டி வராது என்பதால்தான் இருப்பே வைக்கிறோம்.

கரை ஆறு மீட்டருக்கு மேல் இருந்தாலோ, உடைந்தால் தண்ணீர் போகும் வழியில் வீடு, பள்ளி, சாலை இருந்தாலோ இந்த வழிகாட்டி மட்டும் போதாது. கட்டுமானப் பொறியாளர் ஒருவரை ஒரு தடவையாவது கூட்டிவந்து காட்டுங்கள்.

2. புதரை வெட்டி, கரையைக் கண்ணுக்குத் தெரிய வையுங்கள்

செலவு வரிசையில் இது இல்லை, ஆனால் நேர வரிசையில் இதுதான் முதல். சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் மூடிய கரையில் கசிவும் தெரியாது, வளையும் தெரியாது.

கரை உச்சி, இரண்டு சரிவுகள், அதோடு வெளிப்பக்கம் கரையடியிலிருந்து ஐந்து மீட்டர் வரை புல் தவிர எல்லாவற்றையும் வெட்டுங்கள். கரையடியை விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. கசிவு முதலில் தலை காட்டுவது அங்கேதான்.

தீ வைக்காதீர்கள். புல்வேர் போனால் அடுத்த மழையில் சரிவில் ஓடைக்கோடு விழும். ஜேசிபி வாளியால் வழிப்பதும் அதே கேட்டைத்தான் செய்யும்: மேல்மண்ணோடு புல் போய்விடும். கத்தி, அரிவாள், பிரஷ் கட்டர் போதும்.

3. மட்டம் எடுங்கள்

கரை உச்சி பார்வைக்குச் சமமாகத்தான் தெரியும். டியூப் லெவல் வைத்து பத்து மீட்டருக்கு ஒரு புள்ளியில் மட்டம் எடுத்தால் நடுவில் 20, 30 செ.மீ. இறங்கியிருப்பது தெரியும். ஓடையின் பழைய படுகை இருந்த இடத்தில் கரையின் உயரம் அதிகம். அமுங்குவதும் அங்கேயே அதிகம். வண்டியும் ஆடுமாடும் ஏறி இறங்கும் தடம் இன்னொரு பள்ளம்.

ஆதாரப் புள்ளியைக் கரையில் வைக்காதீர்கள். கரை அமுங்கினால் புள்ளியும் சேர்ந்து அமுங்கும். பக்கத்துப் பாறையிலோ பழைய கட்டட அடித்தளத்திலோ வெட்டுக்குறி போட்டு, எல்லா மட்டத்தையும் அதிலிருந்து எழுதுங்கள்.

கடைசியில் உங்களுக்கு ஒரே ஒரு எண் தேவை: கலிங்கின் தளத்துக்கும் கரை உச்சியின் மிகத் தாழ்ந்த புள்ளிக்கும் உள்ள உயர வித்தியாசம். சராசரி உயரம் எதற்கும் உதவாது. தண்ணீர் சராசரியைப் பார்த்து ஏறுவதில்லை, தாழ்ந்த புள்ளியில்தான் ஏறும்.

4. கலிங்கு போதுமா என்று கணக்குப் போடுங்கள்

எவ்வளவு வெள்ளம் வரும்? சிறு நீர்ப்பிடிப்புக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. நீர்ப்பிடிப்புப் பரப்பை ஹெக்டேரில் எடுத்து, மணிக்கு எத்தனை மி.மீ. மழை என்பதால் பெருக்கி, அதில் ஓடிவரும் பங்கால் பெருக்கி, 360ஆல் வகுத்தால் விநாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று வரும்.

20 ஹெக்டேர், அதாவது சுமார் 50 ஏக்கர் சரிவு என்று வைத்துக்கொள்வோம். மழை மணிக்கு 100 மி.மீ.; வானிலைத் துறை மேகவெடிப்பு என்று சொல்லும் அளவு இது. பாதி நீர் ஓடிவருகிறது என்றால் 20 × 100 × 0.5 ÷ 360 = 2.8 கன மீட்டர். காடாக இருந்த சரிவைத் திருத்திச் சாலையும் கட்டடமும் போட்டிருந்தால் பாதி என்பதை முக்காலாக்குங்கள்.

அகன்ற தளமுள்ள கலிங்கில் ஒரு மீட்டர் அகலத்துக்கு, 30 செ.மீ. ஆழத்தில் தண்ணீர் போனால் விநாடிக்கு 0.28 கன மீட்டர் வெளியேறும், 45 செ.மீ. ஆழத்தில் 0.5. மேற்சொன்ன வெள்ளத்துக்கு 30 செ.மீ. ஆழம் என்றால் பத்து மீட்டர் அகலம் வேண்டும். 45 என்றால் ஐந்தரை மீட்டர். புல் முளைத்த கலிங்குக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். இடம் இருந்தால் அகலமாக, ஆழம் குறைவாக வைப்பதே மேல். ஆழம் கூடக்கூட வேகம் கூடி, கலிங்குத் தளத்தையே அறுக்கும்.

அந்த வெள்ளம் முழு ஆழத்தில் போகும்போதும் கரை உச்சி அதற்கு மேல் குறைந்தது 60 செ.மீ. உலர்ந்து நிற்க வேண்டும். 45 செ.மீ. ஆழத்துக்கு வடிவமைத்தால் கலிங்குத் தளத்திலிருந்து கரையின் தாழ்ந்த புள்ளி 1.05 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மூன்றாம் படியில் எழுதிய எண்ணை இதோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் கலிங்கை அகலப்படுத்தலாம், தாழ்ந்த புள்ளியை உயர்த்தலாம், கலிங்குத் தளத்தை இறக்கலாம். மூன்றாவதில் கொள்ளளவு கொஞ்சம் குறையும், ஆனால் செலவு மிகக் குறைவு. பலருக்கும் மனம் வராத வழியும் அதுதான்.

கலிங்கில் செய்யக் கூடாதவை சில. மணல்மூட்டையோ பலகையோ வைத்து நீர்மட்டத்தை உயர்த்துவது முதல் குற்றம். அரை மீட்டர் மூட்டை வைத்தவர் அரை மீட்டர் பாதுகாப்பை விற்றுவிட்டார். மீன் தப்பாமலிருக்க வலை கட்டுவது இரண்டாவது. முதல் வெள்ளத்தில் வரும் சருகும் கிளையும் அதை அரைமணி நேரத்தில் சுவராக்கிவிடும். கலிங்குக்குப் பதில் கரைக்குள் இரண்டு சிமென்ட் குழாய் பதிப்பதும் இதே கதைதான்: ஒரு மரக்கிளை போதும் அடைக்க.

கலிங்கு எப்போதும் கரையின் ஓரத்தில், வெட்டாத இயற்கைத் தரையில் இருக்க வேண்டும்; குவித்த மண்ணின் மேல் அல்ல. கலிங்கைத் தாண்டி வழியும் மறுகால் தண்ணீர் கரையடிக்குத் திரும்பி வராதபடி வாய்க்கால் கரையை விட்டு விலகி ஓட வேண்டும். மறுகாலில் எங்காவது மண் அறுந்து செங்குத்துப் பள்ளம் விழுந்திருந்தால் அதை இந்த ஆண்டே கல் போட்டு நிறுத்துங்கள். அந்தப் பள்ளம் ஒவ்வொரு வெள்ளத்திலும் மேல்நோக்கி நகர்ந்து கலிங்குத் தளத்தைத் தின்னும்.

5. கசிவைக் கண்டுபிடித்து, அளந்து, எழுதுங்கள்

கசியாத மண் கரை இல்லை. கசிவு இருக்கிறதா என்பதை விட, அது மண்ணைக் கொண்டுவருகிறதா, ஒரே நீர்மட்டத்தில் கூடிக்கொண்டே போகிறதா என்பவைதான் முக்கியம்.

அணை நிறைந்திருக்கும்போது வெளிச்சரிவில் நடங்கள். கோடையிலும் பச்சையாக நிற்கும் புல், கோரை முளைத்த இடம், கால் அழுந்தும் சேறு, இவை அடையாளம். கரையடியில் மட்டும் பார்த்தால் போதாது. சரிவின் நடுவிலேயே ஈரம் இருந்தால் அது கரையடி ஈரத்தை விட மோசமானது. அந்த உயரம் வரை கரை ஊறிவிட்டது என்று பொருள், சரிவு வழுக்கிவிடலாம்.

துரு நிறத்தில் வழவழப்பாகப் படிவதைக் கண்டு பலர் பதறுவார்கள். இரும்புச் சத்துள்ள மண்ணில் பாக்டீரியாவால் வருவது அது, தனியாக ஆபத்தில்லை. வடிகாலை அடைக்காதபடி கழுவிவிடுங்கள்.

அளப்பதற்கு, கசிவு நீரைச் சிறு வாய்க்காலில் சேர்த்து ஒரு குழாய் வழியே விழச் செய்யுங்கள். பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி என்று போனில் எடுத்தால் போதும். வாளிக்கு அடங்காத அளவென்றால் தகரத்தில் செங்கோண V வெட்டு வெட்டி வாய்க்காலின் குறுக்கே பதியுங்கள். வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் 5 செ.மீ. உயரம் நின்றால் விநாடிக்கு சுமார் 0.8 லிட்டர், 10 செ.மீ. நின்றால் சுமார் 4.4 லிட்டர். உயரத்தை, தண்ணீர் வரும் பக்கம் வெட்டுக்கு ஓரடி முன்னால், தண்ணீர் வளையத் தொடங்காத இடத்தில் அளக்க வேண்டும்.

ஒவ்வொரு அளவோடும் அன்றைய நீர்மட்டத்தையும் மழையையும் எழுதுங்கள். நீர்மட்டம் இல்லாத கசிவுக் கணக்கு வீண். போன ஆண்டு முழு நிறைவில் ஒரு லிட்டர் வந்தது, இந்த ஆண்டு அதே நிறைவில் இரண்டு லிட்டர் என்றால் உள்ளே வழி அகலமாகிறது. நீர்மட்டம் ஏறியதால் கசிவு ஏறியிருந்தால் அது வேறு.

ஜாடியில் பிடித்து அசையாமல் ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் மண் படிந்தால் கரை கரைகிறது. தெளிவாக இருந்த கசிவு திடீரெனக் கலங்கினால் அன்றே நீர்மட்டத்தை இறக்கத் தொடங்குங்கள். அதேபோல், பல ஆண்டுகளாக ஓடிய கசிவு திடீரென நின்றாலும் நிம்மதி அடையாதீர்கள். உள்ளே இடிந்து தற்காலிகமாக அடைபட்டிருக்கலாம். தண்ணீர் வேறு வழி தேடிக்கொண்டிருக்கும்.

இனி, மிக அதிகமாக நடக்கும் பிழை. வெளிப்பக்கம் கசியும் இடத்தைக் களிமண்ணாலோ கான்கிரீட்டாலோ அடைப்பது. அடைத்தால் தண்ணீர் நிற்காது, அழுத்தம்தான் கரைக்குள் ஏறும். இரண்டு மீட்டர் தள்ளி இன்னொரு இடத்தில் இன்னும் வேகமாக வரும். உட்பக்கம் அடை, வெளிப்பக்கம் வடி என்பதுதான் விதி.

வெளிப்பக்கம் போட வேண்டியது வடிகட்டி: முதலில் 20 செ.மீ. மணல், அதன் மேல் 20 செ.மீ. முக்கால் ஜல்லி, அதன் மேல் கருங்கல். மணல் மண்ணைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை விடும். ஜல்லி மணலைப் பிடிக்கும். கல் எடை கொடுக்கும். வரிசை மாறினால் பயனில்லை. ஜல்லியை நேராக மண்மேல் கொட்டினால் அதன் இடைவெளி வழியே மண் ஓடிவிடும். கசியும் இடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் கூடுதலாகப் பரப்புங்கள்.

உட்பக்கத்துக்கு, தண்ணீர் வற்றிய கோடையில் கசிவுக்கு நேரெதிர்ப் பகுதியில் களிமண் விரிப்பு போடலாம். 15 செ.மீ. அடுக்காக இரண்டு மூன்று அடுக்கு இடித்து, மேலே 15 செ.மீ. கிராவல் மூட வேண்டும். மூடாவிட்டால் அடுத்த கோடையில் வெடித்துவிடும்.

6. மதகும் கரைக்குள் போகும் குழாயும்

சிறு அணைகளில் உள்ளரிப்பு பெரும்பாலும் குழாயை ஒட்டித்தான் தொடங்குகிறது. வட்டக் குழாயின் அடிப்பாகத்தில் மண்ணை நன்றாக இடிக்க முடியாததால் அங்கே இடைவெளி தங்கிவிடுகிறது.

வால்வு வெளிப்பக்கம் மட்டும் இருந்தால் கரைக்குள் இருக்கும் குழாய் முழுவதும் எப்போதும் அழுத்தத்தில் நிற்கும். இணைப்பு ஒன்று விட்டால் தண்ணீர் கரைக்குள்ளேயே பீய்ச்சும். அடைப்பு உட்பக்கம் இருப்பதே சரி. வெளி வால்வு கூடுதலாக இருக்கலாம்.

மாதம் ஒரு முறை வால்வை முழுதாகத் திறந்து மூடுங்கள். அவசரத்தில் திறக்க வேண்டிய வால்வு துருப்பிடித்து நிற்பதை விடக் கேடு வேறில்லை. குழாயின் உட்பக்க வாயில் கம்பித் தட்டி வையுங்கள். குழாய் வெளியே விழும் இடத்தில் கல் பரப்புங்கள்.

குழாய்க்கு வெளியே, அதை ஒட்டி ஈரம் வந்தால் குழாயின் வெளிமுனையைச் சுற்றி ஒரு மீட்டர் தோண்டி மணல் வடிகட்டி போடலாம்; இது தற்காலிகம். நிரந்தர வழி, கோடையில் தண்ணீரை முழுதும் இறக்கி, கரையை அகலமான சரிவோடு வெட்டித் திறந்து, புதுக் குழாய் பதித்து, 10 செ.மீ. அடுக்காகத் திமிசுக் கட்டையாலோ பெட்ரோலில் ஓடும் இடிக்கும் இயந்திரத்தாலோ (ராமர்) இடித்து மூடுவது. பொக்லைன் வாளியால் தட்டி மூடும் குறுகிய செங்குத்துப் பள்ளம் பழைய குழாயை விட ஆபத்து. பக்கச் சுவரோடு புது மண் ஒட்டாது.

7. மரமும் வளையும்

கரையில் மரம் வேண்டாம். காற்றில் சாய்ந்தால் வேரோடு கரையின் ஒரு துண்டைப் பெயர்க்கும். பட்டுப்போனால் அழுகிய வேர் குழாயாகும். ஏரிக்கரையில் பனை நிற்கவில்லையா என்று கேட்பார்கள். பழைய ஏரிக்கரையின் அகலம் வேறு, இரண்டரை மீட்டர் உச்சியுள்ள தோட்டத்துக் கரை வேறு. தென்னையைக் கரையடியிலிருந்தும் ஐந்து மீட்டர் தள்ளியே வையுங்கள்.

ஏற்கெனவே வளர்ந்ததை என்ன செய்வது? தண்டு கைமணிக்கட்டளவு இருந்தால் வேரோடு பிடுங்கிக் குழியை இடித்து மூடலாம். பெரிய மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விட்டுவிடக் கூடாது. சில ஆண்டுகளில் வேர் அழுகும்போதுதான் சிக்கல். நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் கோடையில் அடிக்கட்டையையும் விரலை விடப் பருமனான வேர்களையும் எடுத்து, குழியின் பக்கங்களைச் சரிவாக்கி, அடுக்கடுக்காக இடித்து மூடுங்கள். உட்சரிவில் நீர்க்கோட்டுக்கு அருகே பெரிய மரம் நின்றால் பொறியாளரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

வெட்டிய இடத்தில் அருகம்புல் பதியுங்கள். வெட்டிவேர் மண்ணை நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அடர்ந்த வரிசை கசிவையும் வளையையும் மறைக்கும், அதனால் மறுகால் ஓரத்துக்கு அது, கரைச் சரிவுக்கு அருகு.

எலி, நண்டு, கீரி, முள்ளம்பன்றி, கரையான் எல்லாம் கரையைக் குடையும். 2019 ஜூலையில் மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே அணை உடைந்தபோது பழி நண்டுகள் மேல் போடப்பட்டது. கசிவைப் பற்றி ஊரார் முன்பே சொல்லியிருந்தார்கள். வளை காரணமாக இருக்கலாம், கவனிக்காமல் விட்டதற்கு அது சாக்கு இல்லை.

ஆழமில்லாத வளையைத் தோண்டித் திறந்து இடித்து மூடுங்கள். ஆழமானதில் குழம்பு ஊற்ற வேண்டும்: ஒன்பது பங்கு சலித்த மண்ணுக்கு ஒரு பங்கு சிமென்ட், கூழ் பதத்தில் தண்ணீர். வளை வாயில் ஒரு மீட்டர் பிவிசி குழாயை நிமிர்த்தி நட்டு, சுற்றிலும் மண்ணால் அடைத்து, குழம்பு மேலே நிற்கும் வரை ஊற்றுங்கள். குழாய் உயரம் கொடுக்கும் அழுத்தத்தால்தான் குழம்பு கடைசி வரை போகும். வாயில் மட்டும் சிமென்ட் பூசினால் உள்ளே பொந்து அப்படியே இருக்கும். கரையான் புற்றுக்கும் இதுவே. மேலே தெரியும் புற்றை இடிப்பது போதாது, அடியிலுள்ள அறையைத் திறக்க வேண்டும்.

நஞ்சு வைக்காதீர்கள், அணைத் தண்ணீரில் சேரும். உடும்பு, முள்ளம்பன்றி, எறும்புத்தின்னி போன்றவை வன உயிரினச் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. வெளியே போனது உறுதியான பிறகே அடையுங்கள்.

8. உட்சரிவும் அலைக்கல்லும்

காற்று ஒரே திசையில் அடிக்கும் மாதங்களில் அலை நீர்க்கோட்டில் படி வெட்டும். படி 30 செ.மீ. ஆழத்தைத் தாண்டினால் கல் பதிக்க வேண்டும். கல்லுக்கு அடியில் 15 செ.மீ. கிராவல் அல்லது ஜல்லி படுக்கை கட்டாயம். இல்லாவிட்டால் அலை திரும்பும்போது கல் இடுக்கு வழியே மண்ணை உறிஞ்சிவிடும், கல் உள்வாங்கும். சிமென்ட் பூசி இடுக்கை மூடுவதும் தவறு. உள்ளே ஊறிய நீர் வெளிவர வழியில்லாமல் பலகையாகப் பெயர்த்துத் தள்ளும்.

பாசனத்துக்கோ தூர் எடுக்கவோ தண்ணீரை வேகமாக இறக்காதீர்கள். நாளுக்கு 30 செ.மீ.க்கு மேல் வேண்டாம். களிமண் கரையில் 15. வெளியே தாங்கிய தண்ணீர் போய்விட, ஊறிய மண் கனத்தோடு நிற்கும்; உட்சரிவு அப்படியே வழுக்கும்.

9. விரிசல்

கோடையில் உச்சியில் வலைபோல் விழும் மெல்லிய வெடிப்பு பெரும்பாலும் மண் காய்வதால் வருவது. மண் தூவி மூடினால் போதும்.

கரையின் நீளவாக்கில் வில்போல் வளைந்து ஓடி, ஒரு பக்கம் சற்று இறங்கியிருந்தால் சரிவு நழுவத் தொடங்கியிருக்கிறது. குறுக்காக ஓடும் விரிசல் அணையின் தண்ணீருக்கு நேர்வழி. இரண்டிலும் நீர்மட்டத்தை விரிசலின் அடிக்குக் கீழே இறக்கிவிட்டு, பொறியாளரைக் கூப்பிடுங்கள். இரு முனையிலும் முளை அடித்து, அகலத்தைத் தேதியோடு எழுதுங்கள். மழைநீர் இறங்காதபடி தார்ப்பாய் போடுங்கள்.

10. மண் போடும் முறை

தூர் எடுத்த வண்டலைக் கரைமேல் தள்ளிவிடுவதுதான் கிராமத்தில் ‘கரையைப் பலப்படுத்துவது’. வண்டல் இலேசானது, மக்கு நிறைந்தது, இடித்தாலும் கெட்டிப்படாது. அது வயலுக்குப் போகட்டும். நிலத்துக்கு வெளியே கொண்டுபோவதென்றால் கனிமவளத் துறையில் அனுமதி விசாரியுங்கள். தனிக் கரிசலும் வேண்டாம், வெடிக்கும். கொஞ்சம் களி கலந்த செம்மண் கிராவல் நல்லது.

புல்லையும் மேல்மண்ணையும் 15 செ.மீ. வழித்து, பழைய சரிவில் படிபடியாக வெட்டுங்கள். படி இல்லாமல் சரிவின் மேல் கொட்டிய புதுமண் முதல் மழையிலேயே ஒட்டாமல் இறங்கும். பிறகு 15 செ.மீ. தளர்ந்த அடுக்கு, ரோலர் ஆறு முதல் எட்டு முறை, அடுத்த அடுக்கு. ஈரப்பதம் பார்க்க ஒரு பிடி மண்ணை உருட்டி அழுத்துங்கள்: உருண்டை நிற்க வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் சில துண்டாக உடைய வேண்டும். பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். தட்டையாக அப்பினால் காயவிடுங்கள்.

வேளாண் பொறியியல் துறையில் புல்டோசர் போன்ற இயந்திரங்கள் மணிக்கணக்கு வாடகைக்குக் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழை நம்பும் பகுதியில் மண்வேலையை ஆகஸ்டுக்குள் முடியுங்கள். வால்பாறை, கூடலூர் பக்கம் ஏப்ரல் நடுவுக்குள். புல் வேர்பிடிக்க ஆறு வாரமாவது வேண்டும்.

11. மழைக்காலச் சுற்று

சாதாரண நாளில் வாரம் ஒரு முறை, அணை நிறைந்த பின் நாள்தோறும். 24 மணி நேரத்தில் 115.6 மி.மீ.க்கு மேல், அதாவது மிக கனமழை என்று எச்சரிக்கை வந்தால் முன்னதாகவே மதகைத் திறந்து இடம் பண்ணுங்கள், கலிங்கையும் கம்பித் தட்டியையும் சுத்தம் செய்யுங்கள். மழையின்போது இரவிலும் இரண்டு மணிக்கு ஒரு தடவை பார்க்க ஆள் வேண்டும். தனியாக ஒருவரை அனுப்பாதீர்கள்.

கீழே குடியிருப்பவர்களின் எண்களை மழைக்கு முன்பே வாங்கி, மதகுக் கொட்டகையில் எழுதி ஒட்டுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, அவசர உதவி 112.

12. ஆபத்து வந்தால் எது முதலில்

முதலில் மனிதர்கள். கலங்கல் கசிவு பெருகினாலோ, உச்சிக்கு 30 செ.மீ. வரை நீர் ஏறி இன்னும் ஏறிக்கொண்டிருந்தாலோ, சரிவு இறங்கினாலோ கீழே உள்ளவர்களை எழுப்பி மேட்டுக்கு அனுப்புங்கள். வேலை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தாமதிப்பதுதான் உயிர்ப்பலி வாங்குவது.

இரண்டாவது, தண்ணீரை இறக்குவது. மதகு, பம்ப், சைஃபன் (நீர் நிரப்பிக் கரைமேல் வளைத்துப் போட்டால் தானே நீரை இறக்கும் குழாய்) மூன்றையும் சேர்த்து ஓட்டுங்கள். நாளுக்கு 30 செ.மீ.க்கு மேல் இறக்கக் கூடாது என்ற வரம்பு இங்கே செல்லாது. 20 மீட்டர் நீள 110 மி.மீ. பிவிசி சைஃபன், இரண்டு மீட்டர் உயர வித்தியாசத்தில் விநாடிக்கு சுமார் 20 லிட்டர் இறைக்கும். ஒரு ஏக்கர் நீர்ப்பரப்பில், புதிதாக நீர் வராவிட்டால், நாளுக்கு 40 செ.மீ. இறங்கும். வெளிமுனை கரையடியைத் தாண்டி விழட்டும்.

மூன்றாவது, கரையடியில் கொதிப்பதுபோல் மண்ணோடு ஊற்று கிளம்பினால் அதைச் சுற்றி ஒரு மீட்டர் தள்ளி மணல்மூட்டையை வளையமாக அடுக்குங்கள். உள்ளே நீர் உயர, எதிர் அழுத்தம் கிடைத்து ஊற்று தெளியும். தெளிந்ததும் மேலே உயர்த்துவதை நிறுத்தி, வழிய ஒரு வாய் விடுங்கள். முழுதும் அடைக்கக் கூடாது.

நான்காவது, உச்சியின் தாழ்ந்த புள்ளியில் மூட்டை. நீர் ஏறியே தீரும் என்றால் கலிங்கின் வெளிப்புறத் தரையை, கரையிலிருந்து விலகிய பக்கமாக, வெட்டி அகலப்படுத்தலாம். கரையை எந்த நிலையிலும் வெட்டாதீர்கள். ஒரு முழ வெட்டு நீங்கள் மண்வெட்டியை எடுப்பதற்குள் பத்து மீட்டராகும். சரிவு இறங்கிக்கொண்டிருக்கும் கரையின் மேல் வண்டியோ ஆளோ போகக் கூடாது.

13. நோட்டும், பழுதுக்குப் பின் முதல் நிறைப்பும்

தேதி, நீர்மட்டம், மழை, கசிவு அளவு, தெளிவா கலங்கலா, செய்த வேலை: ஒரு வரிக்கு ஆறு கட்டம். ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் மாதம் ஒரு போட்டோ. பொறியாளர் முதலில் கேட்பதும் இதைத்தான், வழக்கு என்று வந்தால் நீங்கள் பராமரித்தீர்கள் என்பதற்கு ஆதாரமும் இதுதான்.

பெரிய பழுது பார்த்த கரையை ஒரே மழையில் நிரம்ப விடாதீர்கள். பாதி உயரத்தில் மதகைத் திறந்து நீர்மட்டத்தை ஒரு வாரம் பிடித்து வையுங்கள். தினமும் கரையடியைப் பாருங்கள். கசிவு தெளிவாக, ஏறாமல் நின்றால் முக்கால் உயரம், மறுபடி ஒரு வாரம், அதன் பிறகு முழு நிறைவு. வரும் வெள்ளத்தை மதகால் சமாளித்துப் பிடித்து வைக்க முடியாத அணை என்றால், பழுது பார்க்கும் கோடையிலேயே இரண்டாவது குழாய் ஒன்றையும் சேர்த்துப் பதித்துவிடுங்கள். கரையைத் திறந்திருக்கும்போது அதற்கு ஆகும் செலவு குழாயும் இரண்டு நாள் கூலியும்தான்.